அவர் ஏன் திரும்பி வந்தார்?



"தங்க இடம் கொடுத்தாலும் சிலர் தெருவை விட்டு எழுந்திருக்க மறுக்கிறார்களே! பழகிப்போன சோம்பல்!" என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வதுண்டு. நானும் அப்படிப் பேசியவன்தான். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் இதே நாவால் ஒரு முதியவரைப் புண்படுத்தினேன். அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்னை மண்ணடியில் எங்கள் மதரஸா இருக்கும் தெருவில், ஒரு கடையின் படிக்கட்டில் அவர் இரவில் படுப்பது வழக்கம். அருகில் ஒரு மீன்பாடி வண்டி நிற்கும். அதன் சக்கரத்தோடு தம் காலைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு உறங்குவார். பஜ்ருக்கு நான் பள்ளிவாசலுக்குச் செல்லும்போது படிக்கட்டு காலியாக இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, மாணவர்கள் இருவருடன் சென்று அவரை மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில் சேர்த்தேன். "வண்டி?" என்று தயங்கினார். "அது எங்கே போய்விடும்? உயிர்தான் முக்கியம்" என்று அழைத்துச் சென்றேன். அங்கே கூரை உண்டு, படுக்கை உண்டு, கட்டணம் கிடையாது. மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் இஷா தொழுதுவிட்டு வருகிறேன். அதே படிக்கட்டில் அவர்! எனக்குச் சினம் பொங்கியது. "நன்றி கெட்டவருக்கு நன்மை செய்தது என் தவறு" என்று மாணவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பின்னர் தேநீர்க் கடைக்காரர்தான் சொன்னார்: "ஹஜ்ரத், அவர் அங்கே இருந்த இரண்டு ராத்திரியில் வண்டிச் சக்கரத்தை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அது வாடகை வண்டி."

வாசகர்களே, அன்று நான் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் அருகில் போய் அமர்ந்தேன். அவரே பேசினார்: "நனைஞ்ச உடம்பு காஞ்சிடும் பாய். வண்டி போனா சோறு போச்சு. விடிய மூணு மணிக்கு லோடு. அவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படி வர்றது?" நான் அவருக்குக் கொடுத்தது கூரை, அவரிடமிருந்து பறித்தது பிழைப்பு.

அதன்பின் பலரிடமும் கேட்டறிந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு வேறொரு காப்பகம் என்றால், கணவனும் மனைவியும் பிரிந்தல்லவா உறங்க வேண்டும்? ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உண்டு. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரில் வீடு கிடைத்தும், வேலை இங்கே இருப்பதால் திரும்பி வந்தவர்கள் உண்டு.

அச்சமும் ஒரு காரணம். பிச்சையெடுப்போரைப் பிடித்து அடைக்க 1945ஆம் ஆண்டிலேயே இங்கு சட்டம் வந்துவிட்டது. பிடிக்க வரும் வண்டியும் உதவ வரும் வண்டியும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். மனநோயால் அலைவோரின் நிலை இன்னும் பரிதாபம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நம் சமுதாயம் மறக்க இயலுமா? 'காப்பகம்' என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் அஞ்சினால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று எப்படித் தள்ளுவது?

ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. அலைந்து திரியும் மனநோயாளரைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். இவை பெரும் நன்மைகளே. ஆயினும் நம்பிக்கையை ஆணையால் உண்டாக்க முடியாது. மறுத்தவரிடம் மீண்டும் மீண்டும் சென்று அமர்ந்து பேசினால்தான் அது பிறக்கும்.

மதீனாவில் வீடற்ற தோழர்கள் பள்ளிவாசல் திண்ணையிலேயே தங்கியிருந்தார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அவர்களுக்கான இடம் மக்கள் கூடும் ஊர் நடுவே இருந்தது என்பதை அந்தப் பெரியவருக்குப் பின்னர்தான் உணர்ந்தேன்.

சக்கரத்தின் விலையைக் கொடுத்துவிட்டேன். சொன்ன சொல்லை ஈடுகட்ட வழி தெரியவில்லை. அந்த மாணவர்கள் இருவரையும் அழைத்துச் சென்று, அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க பாய்" என்றார். இப்போது இரவில் அவருடைய வண்டி எங்கள் மதரஸா முற்றத்தில் பூட்டியிருக்கிறது. மழைக்கால இரவுகளில் மட்டும் காப்பகம் செல்கிறார்; மற்ற நாட்களில் அதே படிக்கட்டு. நான் வற்புறுத்துவதில்லை.

அன்பர்களே! இனி தெருவோரம் ஒருவரைக் கண்டால், நாம் கொடுக்க நினைப்பதை எடுத்து நீட்டும் முன், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அவர் விடை சொல்லும்வரை பொறுத்திருப்போம்.