அரிச்சல்முனைக்கு ஒரு சைக்கிள் பயணம்

விவசாயிக்கு லீவே கிடையாதுன்னு பட்டணத்து நண்பர்கள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுறதில்லை. ஆனா மாசி மாசத்துல, கதிரடிச்சு நெல்லு வீட்டுக்கு வந்தபிறகு, ஒரு தண்ணி முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவுல ஒரு நாள் காலியா நிக்கும். அதுவும் சும்மா வராது, வீட்டுல இன்னொருத்தர் தலையில போய் உக்காரும். இந்த வருஷம் என் வீட்டம்மா ஏத்துக்கிட்டாங்க. "மாட்டை நான் பாத்துக்கிறேன், எங்கயாவது போயிட்டு வாங்க. இங்க இருந்தா அண்ணனும் தம்பியும் போர் பேச்சையே பேசிக்கிட்டு இருப்பீங்க" என்றார்.

போர் பேச்சு இதுதான். உச்சிப்புளிப் பக்கம் எங்களுக்கு 60 தென்னை இருக்கு. மணல் தரை. ரெண்டு கோடையா போர்த் தண்ணி கரிக்குது. தென்னை தாங்கிக்கிச்சு, ஊடுபயிராப் போட்ட கத்தரிதான் இலை ஓரம் கருகிப்போச்சு. இன்னும் ஆழமா இறக்கிப் பெரிய மோட்டார் வச்சா நல்ல தண்ணி வரும்ங்கிறது தம்பியோட கட்சி. போர் வண்டிக்கும் சொல்லி வச்சாச்சு. நான் தலையாட்டணும், அவ்வளவுதான் பாக்கி.

மூன்றரை மணிக்கே பாலைக் கறந்துட்டு (மாடு என்னை ஒரு மாதிரி பாத்துச்சு), பழைய கேரியர் சைக்கிள்ல கிளம்பினேன். வேகவச்ச பனங்கிழங்கு ஒரு கட்டு, தண்ணி ரெண்டு பாட்டில். அரிச்சல்முனை ஒரு பக்கம் 60 கிலோமீட்டருக்குப் பக்கத்துல வரும். மாசியில வாடை ஓஞ்சிருக்கும், கச்சான் எழும்பியிருக்காது. ஆடியில இதே ரோட்டுல வந்தா மிதிக்கிறது நாமளா இருக்கும், போற திசையைக் காத்துதான் முடிவு பண்ணும்.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்துல ஏறும்போது விடிஞ்சிருச்சு. இந்த ரோட்டுப் பாலம் 1988-ல திறந்தது. அதுக்கு முன்னால தீவுக்குப் போகணும்னா ரயில், இல்லாட்டி படகு. பாலம் நடுவுல உயர்ந்து இருக்கிறதால கியர் இல்லாத சைக்கிளுக்கு அது ஒரு சின்ன மலை. உச்சியில இறங்கி நின்னு, 2025-ல திறந்த புது ரயில் பாலத்தையும் கீழே போற வள்ளங்களையும் பாத்தேன். ஹெல்மெட்டும் கண்ணாடியுமா நாலு பையன்கள் விர்ருனு கடந்து போனாங்க. ஒருத்தன் "சூப்பர் அங்கிள்" என்றான். என்னையா சைக்கிளையான்னு தெரியல.

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எல்லாம் நீங்க பாத்த இடந்தான். அதைத் தாண்டினாத்தான் பயணமே. சவுக்கு முடிஞ்சதும் தரை ஒடுங்கி, இடது பக்கம் பெண்கடல், வலது பக்கம் ஆண்கடல். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம். முகுந்தராயர் சத்திரத்துல இருந்து முனை வரைக்கும் 2017-ல போட்ட தார் ரோடு. 1964 டிசம்பர் புயல் ரயிலையே அடிச்சுக்கிட்டுப் போன இடம். மாதா கோயில் சுவரும் ஸ்டேஷன் சுவரும்தான் மிச்சம்.

முனைக்குப் போயிட்டுத் திரும்பும்போது பாட்டில் காலி. கொட்டகை ஓரத்துல ஒரு அக்கா மணல்ல குழி தோண்டி, சிரட்டையால மோந்து மோந்து குடத்துல ஊத்திக்கிட்டு இருந்தாங்க. குழி இடுப்பு ஆழம் கூட இருக்காது, கடல் கூப்பிடு தூரத்துல. குடிச்சுப் பாத்தேன். இளநி மாதிரின்னு சொன்னா மிகை, ஆனா எங்க போர்த் தண்ணியை விட எவ்வளவோ மேல்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா குடம் சீக்கிரம் நிறையுமே?"

"ஆழமாப் போனா கரிக்கும் தம்பி. வத்திருச்சுன்னா ஊறுற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

மழைத் தண்ணி மணல்ல இறங்கி, உப்புத் தண்ணியை விட லேசா இருக்கிறதால அதுக்கு மேல நிக்குது, மோருக்கு மேல வெண்ணெய் மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. அதையே திருப்பிப் பாருங்க: மோட்டார் போட்டு மேலே 1 அடியை இறக்கினா, நாளாவட்டத்துல கீழே இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். மணல் தரையில ஆழப் போறவனுக்குக் கடல்தான் பக்கத்து வீடு.

திரும்பி வந்த கதையை எழுத ஒண்ணும் இல்லை. முழங்கால் பேசிக்கிட்டே வந்துச்சு.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. திண்ணையில தம்பி. சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அது குடிக்கிற தண்ணிண்ணே. 60 தென்னைக்கும் சிரட்டையில மோந்தா ஊத்தப் போற?" என்றான். நியாயமான கேள்வி. என்கிட்ட பாதிப் பதில்தான் இருந்துச்சு: ஒரே இடத்துல ஆழமா உறிஞ்சுறதுக்குப் பதிலா, ஆழமில்லாம ரெண்டு மூணு இடத்துல, கொஞ்சம் கொஞ்சமா. அது போதுமான்னு கேட்டான். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்னேன். சாப்பாடு முடியுற வரைக்கும் அவன் அப்புறம் பேசல.

போர் வண்டிக்காரரைப் பங்குனி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கோம். அதுக்குள்ள மேற்கு மூலையில 12 அடிக்கு ஒரு உறைகிணறு இறக்கி, சின்ன மோட்டாரை அரை மணி ஓட்டி ஒரு மணி நிறுத்திப் பாக்கணும். உறை இறக்குற ஆள் வியாழக்கிழமை வர்றார்.