இஸ்தோப்பில் வாதாடியவர்களுக்கு

எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மலையில், எங்கள் லயத்து முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசிய மாமாக்களுக்கும் அத்தைகளுக்கும், கடைத்தெருவிலிருந்து மேடேறி வந்து அந்தப் பேச்சில் கலந்துகொண்ட சிங்கள அண்ணன்மாருக்கும் இந்த மடல்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலிக்குப் பேரும் விழாது. சம்பளம் போன அந்த நாள்களில்தான் உங்கள் சபை கூடும். கேகாலை மாவட்டத்து மழையை அறிந்தவர்களுக்கு அது எத்தனை தடவை கூடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் காதால் கேட்ட முதல் அரசியல் சமசமாஜக் கட்சிக்காரர் என்.எம். பெரேராவைப் பற்றியது. 1934-35இல் மலேரியா ஊரை வாரிக்கொண்டு போனபோது கேகாலைக் கிராமங்களில் பருப்புப் பங்கிட்டு 'பருப்பு மாத்தயா' என்று பெயர் வாங்கியவர். 1936இல் ருவன்வெல்லயில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். பிறகு 1977 வரை எட்டியாந்தோட்டையின் எம்.பி. "நாற்பத்தெட்டுல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப சமசமாஜக்காரன்தானே நமக்காகப் பேசினான்" என்பார் மூத்த மாமா. "அறுபத்து நாலுல அதே ஆளு சிறிமாவோகிட்ட நிதியமைச்சரு. அந்த வருசமே நம்மள ஆடு மாடு மாதிரி பங்கு போட்டாங்க, அப்ப எங்க போச்சு வாயி?" என்று அத்தை கேட்பார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கு அத்தைக்கு மனப்பாடம்: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இங்கே 3 இலட்சம், மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. என்.எம். 1979இல் இறந்த பிறகும் அந்த வழக்கு முடியவில்லை.

அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப் போட உங்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்போது உரிமையே கிடையாது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன். ஓட்டில்லாதவர்கள் தங்கள் தொகுதி எம்.பி.யை அவ்வளவு கறாராக விசாரித்திருக்கிறீர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் கையில் பிரஜாவுரிமைக் கடதாசியைத் தந்தபோது, ஓட்டை என்ன செய்வது என்று வெளியிலிருந்து யாரும் வந்து உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பிரதேச சபைத் தேர்தல்களில் வந்த வேட்பாளர்கள் பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, சபை தன் காசைத் தோட்டத்துக்குள் செலவழிப்பதற்கு அது தடையாக இருந்தது. "எங்க ரோட்டுக்கு ஒரு கூடை கல்லுப் போட முடியாத சபைக்கு நாங்க எதுக்கு ஓட்டுப் போடணும்?" என்ற கேள்விக்குத் தமிழ் வேட்பாளரும் முழித்தார், சிங்கள வேட்பாளரும் முழித்தார். மழையில் அந்த ரோட்டில் சறுக்கி விழுவது தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல என்று சிங்களக் கடைக்கார அண்ணன் சொன்னதுதான் அன்றைக்கு நின்ற வாதம்.

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் நீங்கள் யாரும் வாதாடவில்லை. 1977, 1981, 1983 இனக்கலவரங்கள். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் அடிபட்டு வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்த சொந்தக்காரர்கள் உங்களில் பலருக்கு உண்டு. அந்தப் பேச்சு வந்தால் எல்லாரும் மழையைப் பார்ப்பீர்கள். அந்த மௌனத்துக்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மிக நீண்ட சண்டை பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பிள்ளையைச் சிங்களப் பாடசாலையில் போட வேண்டும் என்றார் மாமா. தமிழ்ப் பாடசாலை சாதாரண தரத்தோடு நின்றுவிடுகிறது, உயர்தர விஞ்ஞானம் படிக்க அட்டனுக்கோ கொழும்புக்கோ போய்த் தங்க வேண்டும், பொலிஸிலும் கச்சேரியிலும் சிங்களம் இல்லாமல் வாய் திறக்க முடியாது. ஒன்றும் பொய்யில்லை. "கெழவி சாவுல ஒப்பாரி வெளங்காம நிக்கிற புள்ளைய வச்சி நா என்னா செய்ய?" என்றார் அத்தை. அதுவும் பொய்யில்லை. சப்ரகமுவவில் வீட்டுக்குள்ளேயே சிங்களம் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது கஹவத்தையிலோ தெஹியோவிட்டவிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாலே தெரியும்.

அந்தச் சண்டையிலிருந்து ஒரு வகுப்பு பிறந்தது. கோயிலில் நடந்த ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையில் தேவாரத்தோடு அ, ஆவும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினீர்கள். கோயில் மண்டபத்துக்கு எங்கள் பிள்ளைகள் எப்படி வரும் என்று வேதக்காரக் குடும்பத்து அக்கா கேட்டார். இரண்டு மழைநாள் வாதத்துக்குப் பிறகு எழுத்து வகுப்பு மட்டும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு மாறியது. பாடசாலையில் தமிழ் இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறதே என்று கடைக்கார அண்ணன் தன் மகளையும் அனுப்பினார். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பெண்ணொருத்தி சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தாள். இதை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அது. ஆனாலும் அவள் செய்தாள், அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்பியவர்கள் நீங்கள். அங்கே கற்ற எழுத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் மகளை எதில் போட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்ப் பாடசாலையில். மாமா கோபிக்க வேண்டாம், விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்பது இன்னும் உண்மைதான். வலயக் கல்விப் பணிமனைக்கு நாங்கள் கொடுத்த மனுவில் உங்கள் வாதம் முழுவதும் இருக்கிறது. அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தவர் கடைக்கார அண்ணன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் லயத்துப் பிள்ளை