விலைபோகாத துணி

ரவிக்கை தைக்கக் கொடுத்தால் மிச்சத் துணியைச் சுருட்டிக் கையோடு திருப்பித் தரும் தையல்காரர்கள் அருகிவிட்டார்கள். எங்கள் தெருக்காரர் இன்னும் தருகிறார். அந்தச் சுருட்டல்களையெல்லாம் பழைய தலையணை உறையில் அடைத்து வந்தேன். எதற்கு இந்தக் குப்பை என்று வீட்டில் கேட்பார்கள். எதற்காவது ஆகும் என்பேன். இப்போது போர்வையாகிக்கொண்டிருக்கிறது.

வெட்டுத்துணி ஒருநாளும் நமக்கு வேண்டிய வடிவில் கிடைக்காது. கழுத்து வெட்டிய இடத்திலிருந்து பிறை வரும். கைக்குழி வெட்டிய இடத்திலிருந்து வால் முளைத்த முக்கோணம் வரும். கிராஸ் கட்டிங் என்றால் முரண்டு இன்னும் அதிகம். இழைக்குச் சாய்வாகப் போன ஓரம் பிடித்து இழுத்தாலே நீளும், தைத்து முடித்ததும் நெளியும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையில் பருத்தி மட்டும் சுருங்கி, பக்கத்துத் துண்டையும் இழுத்துக் கசக்கிவிடும். ஆகவே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, ஓரம் ஒதுக்கி... தையலுக்கு முன்பே பாதி வேலை முடிந்து இடுப்பும் பிடித்துக்கொள்கிறது.

இதைக் கேள்விப்பட்டு, வெளிநாட்டிலிருக்கும் உறவுக்காரப் பெண் ‘ஜெல்லி ரோல்’ என்ற ஒன்றை அனுப்பிவைத்தாள். புத்தம் புதுத் துணியை இரண்டரை அங்குல அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி, பாய் மாதிரி சுருட்டி விற்கிறார்கள். வீட்டில் மிச்சம் இல்லாதவர்களுக்கு மிச்சம் தயாரித்துக் கொடுக்கிறார்கள்! முழுத் துணியை வெட்டுவானேன், வெட்டியதை ஒட்டி மறுபடி முழுத் துணியாக்குவானேன் என்று பொருமிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புத்த பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகம் நினைவுக்கு வந்து என் வாயை அடைத்தது.

அதன் மகாவக்கம் என்ற பகுதியில் சீவரத்துக்கென்றே, அதாவது பிக்குகளின் உடைக்கென்றே, ஓர் அத்தியாயம் இருக்கிறது. ராஜகிருகத்திலிருந்து தெற்கே நடந்துபோகிற புத்தர் வழியில் மகத நாட்டு வயல்களைப் பார்க்கிறார். பாத்தி, வரப்பு, வரப்பும் வரப்பும் சந்திக்கும் மூலை. தம் சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, இதே மாதிரி பிக்குகளுக்கு உடை தைக்க முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் முடியும் என்கிறார், தைத்தும் காட்டுகிறார். திரும்பி வந்து பார்த்த புத்தர் ஆனந்தரின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறார். ஞானத்துக்காக அல்ல, தையலுக்காக ஒரு சீடர் பாராட்டு வாங்கிய இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. பார்த்தது நெல் வயலை, கேட்டது உடையை. நடுவில் விளக்கம் எதுவும் இல்லை. ஆனந்தருக்கும் தேவைப்படவில்லை. அளவு எடுத்தாரா, ஓலையில் வரைந்து பார்த்தாரா, ஓரம் நெளிந்ததா என்றெல்லாம் நூல் சொல்லவில்லை. தைக்கிறவர்கள்தான் அதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் பிக்குகள் உடுத்தியது குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தை. அதை ஒட்டுப்போடாமல் உடுத்த வழியில்லை. பிறகு வைத்தியர் ஜீவகர் தமக்குப் பரிசாகக் கிடைத்த உயர்ந்த துணியைப் புத்தருக்குக் கொடுத்து, இல்லறத்தார் தரும் துணியையும் ஏற்கும்படி வேண்டிக்கொள்ள, புத்தர் இசைந்தார். நல்ல துணி வந்து குவிந்தபின் ஒட்டு எதற்கு? அங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது: முழுத் துணியானாலும் வெட்டித்தான் தைக்க வேண்டும். நூல் காரணமும் சொல்கிறது. கத்தி பட்ட துணி துறவிக்குப் பொருந்தும். பிறர் அதற்கு ஆசைப்பட மாட்டார்கள். கத்தரி ஒருமுறை ஓடினால் துணி சந்தையை விட்டு வெளியேறிவிடுகிறது. ஜப்பானில் பக்தர்கள் காணிக்கையாகத் தந்த பட்டாடைகளைக்கூட வெட்டி, ஒட்டுப்போட்டுத்தான் துறவிகளின் மேலாடையான ‘கேசா’வைத் தைத்தார்கள்.

ஆனால் சந்தை லேசில் விடுவதில்லை. அமெரிக்காவில் அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம், அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரின் வழித்தோன்றல்கள் வாழும் இடம். அங்கே 1942ல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார், அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள. வேறு யாருக்கும் ஒரு காசு பெறாத துணி. 2002ல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஏறின. பிறகு நியூயார்க்குக்குப் போயின. 2006ல் தபால்தலையிலும் வந்துவிட்டன. விலையில்லாமல் போகட்டும் என்று துணியை வெட்டச் சொன்னவருக்கு இது தெரிந்திருந்தால் கூடவே இன்னொரு விதியும் போட்டிருப்பாரோ என்னவோ.

என் போர்வைக்கு அந்த ஆபத்து இல்லை. பிறைகளை நறுக்கி நேராக்க மனம் வரவில்லை. வளைவாகவே தைத்ததில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மகதத்து வரப்பின் ஒழுங்கு கிட்டவே வரவில்லை. ஜெல்லி ரோலையும் வீணாக்கவில்லை. விளிம்புக்குப் பட்டையாக வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் அந்த விளிம்பைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிப்பான். முழுசாகப் பிரித்துப் பார்த்தானென்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவான்.