1.8 எங்கிருந்து வந்தது?

திங்கள்

பழைய கார் புகைப் பரிசோதனையில் தோற்றால் பெரும்பாலும் காதில் விழும் முதல் தீர்ப்பு, “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்திடுங்க” என்பது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். விசாரணையே இல்லாமல் இவ்வளவு விலையுயர்ந்த பாகத்தின் மேல் பழி போடுவது சரியா என்பதை இந்த வாரம் எழுதிப் பார்க்கலாம். என் கட்சி இது: தாளில் அச்சாகி வரும் எண்களைச் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் குற்றம் எஞ்சின் பக்கம் திரும்பும். கன்வெர்ட்டரைக் கடைசியில் விசாரித்தால் போதும். எடுத்துக்காட்டாக ஒரு காரை வைத்துக்கொள்வோம். 2006இல் சென்னையில் பதிவான பெட்ரோல் கார், இன்ஜெக்டர் எஞ்சின். சென்னையில் 2005 ஏப்ரலிலேயே பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதி வந்துவிட்டது. ஆகவே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதிப்படி, ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது இதன் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. தாளில் இருப்பதோ 1.8 விழுக்காடும் 310 பிபிஎம்மும். (பாரத் ஸ்டேஜ் 2 வருவதற்கு முந்தைய காருக்கு வரம்பு 3 விழுக்காடு. இதே 1.8 ஒரு 1998 காருக்கு வெற்றி!)

ஒரு எண் தோற்றது, இன்னொன்று தேறியது. தேறிய எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் சாட்சி அதுதான். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியேறிய பெட்ரோல். நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாகச் சுடாவிட்டால்கூட அந்த எண் ஆயிரத்துக்கு மேல் எகிறும். 310 என்றால் தீப்பொறி ஏறக்குறைய எல்லா முறையும் பற்றியிருக்கிறது. ஆகவே பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பார்க்கும் செலவை இப்போதைக்கு ஒத்திப்போடலாம். கார்பன் மோனாக்சைடு வேறு வகை. எரியத் தொடங்கி, ஆக்சிஜன் போதாமல் பாதியில் நின்ற பெட்ரோல் அது. இரண்டு எண்களும் சேர்ந்து சொல்வது: பற்றுகிறது, ஆனால் காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் அதிகம்.

செவ்வாய்

கன்வெர்ட்டர்மீது வழக்குத் தொடுப்பவர்களுக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. எஞ்சின் எதை வேண்டுமானாலும் அனுப்பட்டும், அதை எரித்துச் சுத்தம் செய்யத்தானே கன்வெர்ட்டர்? செய்யவில்லை என்றால் அது செத்துவிட்டது என்றுதானே பொருள்? இதற்குப் பதில் பள்ளிக்கூட வேதியியலில் இருக்கிறது. இரண்டு பங்கு கார்பன் மோனாக்சைடை எரிக்க ஒரு பங்கு ஆக்சிஜன் வேண்டும். 1.8ஐ 0.5க்கு இறக்க வேண்டுமானால் 1.3 விழுக்காடு எரிய வேண்டும், அதற்கு 0.65 விழுக்காடு ஆக்சிஜன் தேவை. நான்கு வாயுக்களை அளக்கும் கருவி என்றால் ஆக்சிஜன் அளவும் திரையில் இருக்கும். நம் காருக்கு அது 0.2 என்று வைத்துக்கொள்வோம். அதை முழுவதும் செலவழித்தாலும் 0.4 மட்டுமே எரியும், மீதி 1.4. நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்து மாட்டிய கன்வெர்ட்டராக இருந்தாலும் கார் மறுபடி தோற்கும். இதில் ஹைட்ரோகார்பனும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். புகையிலுள்ள நீராவியோடு வினைபுரிந்து ஓரளவு கார்பன் மோனாக்சைடு மாறும் என்பது உண்மை. ஆனால் அந்த உதவியை நம்பிப் பணத்தை எண்ணி வைக்க முடியாது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கன்வெர்ட்டருக்கு எதிரான சாட்சியமும் எப்படி இருக்கும் என்று தெரியும். கார்பன் மோனாக்சைடு 1.8, ஆக்சிஜனும் 1.5 என்று தாள் காட்டினால், எரிய வேண்டியதும் எரிக்க வேண்டியதும் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்து வெளியே வந்திருக்கின்றன. அப்போது கன்வெர்ட்டர் தூங்குகிறது என்று சொல்ல இடமுண்டு. அப்போதும் சைலன்சர் குழாயில் ஓட்டை வழியாக வெளிக்காற்று புகவில்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும்.

வியாழன்

அதிகப் பெட்ரோலை யார் ஊற்றுகிறார்கள்? உத்தரவிடுவது எஞ்சினின் கணினியான ஈசியூ. ஆனால் அதற்குக் கண் கிடையாது, சென்சார்கள் சொல்வதை நம்பி ஊற்றுகிறது. ஆகவே பொய் சொல்லும் சென்சாரைத் தேட வேண்டும். அதற்கும் முன்னால், சென்சார் உண்மையே சொன்னாலும் பெட்ரோலைக் கூட்டவைக்கும் ஒரு காரணம் நம் ஊரில் இருக்கிறது, வெளிநாட்டுக் கையேடுகளில் அது முதல் பக்கத்தில் வராது. “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது, போதாக்குறைக்கு ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணிவிடுவது. தெர்மோஸ்டாட் குளிர் நாடுகளுக்கு மட்டும் வேண்டிய கருவி என்ற எண்ணத்தில் நடக்கும் வேலை இது. எஞ்சின் சீக்கிரம் சூடேறி, 80 டிகிரிக்கு மேல் நிலையாக நிற்கட்டும் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஃபேனையும் ஓயாமல் சுற்றவிட்டால் கூலன்ட் 60 டிகிரியை ஒட்டியே கிடக்கும். ஈசியூ, எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். அந்த ஆயிலின் ஆவி பிரீதர் குழாய் வழியாக மறுபடி எஞ்சினுக்குள் வந்து கலவையை இன்னும் கெடுக்கும்.

தெர்மோஸ்டாட் இருந்தும் இதே நோய் வரலாம். கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். அதன் கனெக்டரில் களிம்பு பிடித்தால் தடை கூடி, சூடான எஞ்சின் குளிர்ந்ததாகக் கணக்காகும். இதைப் பிடிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்னை விடியலில் ஒன்று 29, இன்னொன்று 8 என்றால் விசாரணை பாதி முடிந்தது.

மற்றவை சுருக்கமாக. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தால், எஞ்சின்மேல் பாரம் கூடியதாக எண்ணி ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் உட்சவ்வு கிழிந்திருந்தால் அதன் வேக்குவம் ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருக்கும், முகர்ந்தாலே தெரியும். ஆக்சிஜன் சென்சார் நலமாக இருந்தால் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.1இலேயே ஒட்டிக் கிடந்தால் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்லி ஊற்ற வைக்கிறது. அதற்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் இதே பொய் பிறக்கும். அப்போது சென்சார்மேல் குற்றமில்லை.

வெள்ளி

எதிர்வாதங்கள். “மீட்டர் போர்டில் செக் எஞ்சின் லைட் எரியவில்லையே?” கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது 2010 ஏப்ரலில்தான். 2006 காரின் ஈசியூ, வயர் அறுந்தால் கண்டுபிடிக்கும். நம்பக்கூடிய அளவிலான பொய்யைக் கண்டுபிடிக்காது. 8 டிகிரி என்பது அதற்கு ஊட்டியில் விடிந்த ஒரு காலை, அவ்வளவுதான்.

“எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்த வேலை.” 2025இல் 20 விழுக்காடு கலப்பு நாடெங்கும் வந்த பிறகு எந்தக் கோளாறுக்கும் இதுவே பதிலாகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்களைப் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. ஆனால் இந்த 1.8க்கு அது பொருந்தாது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அது கலந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்ததுபோல ஆகும், கார்பன் மோனாக்சைடு இறங்கும் பக்கம்தான் போகும்.

“கிடைக்கிற பாட்டில் மருந்தை டேங்கில் ஊற்றிப் பார்த்தால் என்ன?” அழுக்கடைந்த இன்ஜெக்டருக்கு அது கொஞ்சம் உதவலாம். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டை எந்தப் பாட்டிலும் திருப்பிக் கொண்டுவராது.

ஞாயிறு

மிஞ்சியிருப்பது கனமான எதிர்வாதம்: பரிசோதனையே நம்பும்படியாக இல்லாதபோது அதன் எண்களை வைத்து இவ்வளவு கட்டலாமா? குழாய்க்குள் கம்பியைச் சரியாக நுழைக்காமல் எடுத்த அளவு உண்டு, வரிசையில் நின்று கன்வெர்ட்டர் ஆறிப்போன பிறகு எடுத்த அளவும் உண்டு. இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரிக்கு வந்தால்தான் வேலையைத் தொடங்கும், ஆகவே கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு நேராகப் போய் நிற்பது நியாயமான முன்னேற்பாடு. முதல் குறைக்கு மருந்து அதே திரையில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டினால் பெட்ரோல் எஞ்சினில் 15 விழுக்காட்டை ஒட்டி வர வேண்டும். 9, 10 என்று வந்தால் வெளிக்காற்று கலந்திருக்கிறது. அப்போது உண்மையான அளவு தாளில் உள்ளதைவிட அதிகம். அதாவது இப்படிக் காற்று கலந்த பரிசோதனை பெரும்பாலும் காரைக் காப்பாற்றும். கன்வெர்ட்டர் சூடாக இருந்தவரை, தோற்ற தாள், தேறிய தாளைவிட நம்பத் தகுந்தது.

இன்னொரு அளவையும் கேட்டு வாங்கலாம். பாரத் ஸ்டேஜ் 4 கார்களை 2,500 சுற்று வேகத்தில் நிறுத்தியும் அளக்கச் சொல்கிறது விதி. நம் 2006 காருக்கு அது கட்டாயமில்லை, ஆனால் துப்பறிய உதவும். அந்த வேகத்தில் கார்பன் மோனாக்சைடு சரிந்தால், ஸ்லோ ஸ்பீடில் மட்டும் தலைகாட்டும் கோளாறு: சொட்டும் இன்ஜெக்டர், அல்லது ஹீட்டர் இல்லாததால் ஆறிப்போகும் ஆக்சிஜன் சென்சார். சரியாமல் நின்றால் ஃபியூயல் பிரஷர், கூலன்ட் சென்சார் பக்கம் போக வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, ஃபேன் வயரைப் பழையபடி இணைத்து, ஆயிலை மாற்றி, சென்சார்களின் கணக்கை நேர்செய்து, கசிவில்லாத குழாயோடு சூடாகப் போய் நின்றும் தாள் கார்பன் மோனாக்சைடு 0.8, ஆக்சிஜன் 1 என்று காட்டினால், அன்றைக்குக் கன்வெர்ட்டருக்கு விலை விசாரிக்கலாம்.