இடைவெளியை அளந்தபின் குதிரைத்திறன்

சிறு நிலத்துக்கு டிராக்டர் வாங்க நினைக்கும் உழவர் பெரும்பாலும் எத்தனை எச்.பி. என்ற கேள்வியோடுதான் கடைப்படி ஏறுகிறார். விற்பவரும் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டு, அதற்கு நேராக ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். எச்.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் குதிரைத்திறன், 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறனைக் குறிக்கும் அலகு. எஞ்சினின் வலுவை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் அந்த எஞ்சினைச் சுமக்கும் வண்டி குறிப்பிட்ட ஒரு தோட்டத்துக்குள் நுழையுமா, திரும்புமா, வழுக்காமல் இழுக்குமா என்பதை அது சொல்வதில்லை. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்பதால், பரப்பை வைத்து டிராக்டரைத் தீர்மானிக்கும் வழக்கம் இங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே விடையைத்தான் தரும். அந்த விடை பலருக்குப் பொருந்தாது.

அல்லிநகரத்தைச் சுற்றியுள்ள நிலத்தை ஒரு முறை நடந்து பார்த்தால் இது விளங்கும். தேனியோடு ஒரே நகராட்சியாக இணைந்த இவ்வூரின் மேற்கே, வீரப்ப அய்யனார் கோயில் மலையடிவாரத்தில், சரிவான செம்மண்ணில் மாந்தோப்புகள் இருக்கின்றன. தெற்கே பழனிசெட்டிபட்டியைத் தாண்டினால், 1895ஆம் ஆண்டு முதல் பெரியாறு அணையின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு தொடங்கி, லோயர் கேம்ப் வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலாக நீள்கிறது. சின்னமனூர்ப் பக்கம் வாழை, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பன்னீர் திராட்சை, ஊடே எங்கும் தென்னை. ஒரே பேருந்துச் சாலையின் இருமருங்கிலும் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் நான்கு பேருக்கு நான்கு வேறு இயந்திரங்கள் தேவைப்படலாம். அவர்களுள் ஒருவருக்கு இயந்திரமே தேவைப்படாமலும் போகலாம்.

சிறு டிராக்டர் என்ற பெயர் எங்கும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. அமெரிக்காவில் அந்த வகைக்குள் 25 முதல் 40 எச்.பி. வரையிலான வண்டிகள் சாதாரணம். அங்கே வீட்டைச் சுற்றிய நிலத்தில் புல் வெட்டவும், முன்புறக் கொட்டுவாளியால் மண் அள்ளவும், பனி தள்ளவும் அவை வாங்கப்படுகின்றன. ஜப்பானில் சிறு நெல் வயல்களுக்கென்றே இவ்வகை வளர்ந்தது. குபோட்டா நிறுவனம் தன் முதல் டிராக்டரை 1960இல் வெளியிட்டபோது அது 15 எச்.பி. வண்டியாகவே இருந்தது. இந்தியாவில் மினி டிராக்டர் என்று சொல்லப்படுவன ஏறத்தாழ 15 முதல் 28 எச்.பி. வரை: மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகியவை 15 எச்.பி., வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180 பதினெட்டரை, குபோட்டா நியோஸ்டார் வரிசை 21 முதல் 27 வரை, மஹிந்திரா ஜிவோ 245 இருபத்து நான்கு. நாசிக், சாங்லி வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் இவை பரவலாகப் பயன்படுகின்றன என்பது கம்பத்து உழவருக்குப் பயன்படும் செய்தி.

ஆனால் நாசிக்கில் பொருந்தியதெல்லாம் கம்பத்தில் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துப் பின்னிய படர்பந்தலில் வளர்க்கப்படுகிறது. வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், கொடிக்குக் கொடி இரண்டு மீட்டர் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் இடைவெளி. மூன்று மீட்டர் அகலத்தில் ஒன்றரை மீட்டர் அகல டிராக்டரும் எளிதாகவே போகும். ஆகவே இங்கே இடிப்பது அகலமன்று, உயரம். பந்தல் ஏழடி உயரம் என்றும், காய்க் காலத்தில் குலைகள் அதற்குக் கீழே ஓரடி தொங்குகின்றன என்றும் கொண்டால், ஓட்டுநரின் தலைக்கு எஞ்சுவது ஆறடி. மினி டிராக்டரின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி, உட்கார்ந்த ஆளின் இடுப்பிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ மூன்றடி. இரண்டையும் கூட்டினால் ஐந்தரை அடியாக, அரையடி மிஞ்சுகிறது. அதே பந்தலுக்குள் 35 எச்.பி. வண்டியை விட்டால் இருக்கையே மூன்றரை அடிக்கு மேல் இருக்கும் என்பதால் ஓட்டுநர் குனிந்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். குனிந்து ஓட்டுபவர் பின்னால் வரும் கருவியைப் பார்ப்பதில்லை.

ஓட்டுநரின் தலை மட்டுமே கணக்கன்று. மேல்நோக்கிய சைலன்சர் உள்ள வண்டி, தான் போகும் தடமெங்கும் இலையையும் இளங்குலையையும் சூட்டால் கருக்கிவிடும். புகைக்குழாய் கீழ்நோக்கியோ பானட்டுக்கு அடியிலோ செல்லும் வண்டியே பந்தலுக்கு ஏற்றது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; பந்தலை விட்டு வெளியே வந்ததும் அதை நிமிர்த்திப் பூட்டும் பழக்கமும் வேண்டும். இவற்றைக் காட்டிலும் அதிகம் மறக்கப்படுவது வரிசையின் கடைசியில் பந்தலை இழுத்துப் பிடிக்கும் சாய்வுக் கம்பி. அது தரையில் நட்ட கல்லில் கட்டப்பட்டு, வண்டி திரும்ப வேண்டிய இடத்துக்குக் குறுக்கே நிற்கிறது. விலைப்பட்டியலில் திரும்பு ஆரம் என்று குறிக்கப்படும் அளவு, ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துத் திரும்பும்போது கிடைப்பதா, மிதிக்காமல் கிடைப்பதா என்று கேட்டுக்கொண்டு, சாய்வுக் கம்பிக்கும் வேலிக்கும் இடையிலுள்ள தூரத்தோடு அதை ஒப்பிட வேண்டும். டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு இடம், வலம் என இரண்டு பிரேக் மிதிகள் தனித்தனியாக இருப்பது இந்தத் திருப்பத்துக்காகத்தான். தார்ச்சாலையில் ஏறுமுன் அவ்விரண்டையும் கொக்கியால் இணைக்காவிட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்த வண்டி ஒரு பக்கமாக வெட்டிக் கவிழும்.

வாழைத் தோட்டத்தில் நிலைமை வேறு. ஆறடிக்கு ஆறடி நட்ட வாழையில் வரிசையின் இடைவெளி 1.8 மீட்டர்தான், இருபக்கமும் ஓரடி விட வேண்டும் என்றால் வண்டியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. வாழையின் ஊட்ட வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதாலும், நான்காம் ஐந்தாம் மாதத்தில் இலைகள் ஒன்றையொன்று தொட்டு வழியை மூடிவிடுவதாலும், சொட்டுநீர்க் குழாய் தரையில் கிடப்பதாலும், எவ்வளவு குறுகிய டிராக்டராக இருந்தாலும் அதற்கு உள்ளே வேலை இருப்பது முதல் சில மாதங்களில் மட்டுமே. அந்தச் சில மாதக் களையெடுப்புக்காகவே ஒருவர் டிராக்டர் வாங்குவதாக இருந்தால், பின்னால் நடந்து ஓட்டும் பவர் டில்லரோ சிறு களையெடுக்கும் கருவியோ போதும் என்று சொல்வதே நேர்மை. இரண்டு வரிசைகளை நெருக்கி, அடுத்த இணைக்கு முன் அகல வழி விடும் இணைவரிசை நடவுக்கு மாறுவோர் மட்டும் இதற்கு விலக்கு. அவர்கள் வண்டிக்கேற்பத் தோட்டத்தையே மாற்றிக்கொள்கிறார்கள், அதுவும் ஒரு தேர்வுதான்.

அகலமும் உயரமும் அளந்த பிறகே இழுவைக்கு வர வேண்டும். மண்ணைக் கிழித்துச் செல்லும் கலப்பையை மண் பின்னோக்கி இழுக்கும் விசை, வெட்டப்படும் குறுக்குவெட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் இத்தனை கிலோ என்று கணக்கிடப்படுகிறது. ஈரப்பதமான செம்மண் குறுமண்ணில் அதை ஏறத்தாழ 0.4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஆழம் உழுதால் 1,200 சதுர சென்டிமீட்டர், அதாவது 480 கிலோ இழுவை. மணிக்கு 3.6 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், 480ஐ 75ஆல் வகுக்க 6.4 குதிரைத்திறன் வருகிறது. எஞ்சின் தரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் பொலபொலப்பான மண்ணில் இழுவையாக மாறும் என்று கொண்டாலும் 13 எச்.பி. போதும், ஆகவே 15 எச்.பி. வண்டி இதைச் செய்துவிடும் என்று தாளில் முடிவாகிறது. வயலில் அப்படி முடிவதில்லை. முக்கால் டன் எடையுள்ள இருசக்கர இயக்க வண்டியில் பின்சக்கரங்களின் மேல் இறங்குவது ஏறத்தாழ 450 கிலோ. சக்கரம் மண்ணைப் பற்றி இழுக்கக்கூடியது அந்த எடையில் பாதியளவே. எஞ்சினில் வலு மிச்சமிருக்கும்போதே டயர் சுழன்று குழி பறிப்பதற்குக் காரணம் இதுதான். அப்போது தேவை அதிகக் குதிரைத்திறனன்று. ஐந்து கலப்பையில் இரண்டு கொழுவைக் கழற்றுவது, ஆழத்தைக் குறைப்பது, டயருக்குள் நீர் நிரப்பி எடை கூட்டுவது, அல்லது வாங்கும்போதே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை எடுப்பது.

எடை குறைந்த வண்டிக்கு ரோட்டவேட்டர் ஏன் கலப்பையைவிடப் பொருந்துகிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். ரோட்டவேட்டரின் கத்திகள் பி.டி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டால், நிமிடத்துக்கு 540 சுற்று என்ற நிலையான வேகத்தைக் கொண்டு இயக்கப்படுகின்றன. வண்டி போகும் திசையிலேயே சுழன்று மண்ணை வெட்டும் கத்திகள் வண்டியைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக முன்னோக்கித் தள்ளுகின்றன. எனவே ரோட்டவேட்டரையே நம்பியிருப்பவர் எஞ்சின் எச்.பி.யை விட்டு, பி.டி.ஓ. எச்.பி.யைப் பார்க்க வேண்டும். அது எஞ்சின் எண்ணைக் காட்டிலும் எட்டில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனத்தின் சோதனை அறிக்கைகளில் இந்த எண்ணும், வண்டியின் எடையும், தூக்குதிறனும், திரும்பு வட்டமும் அளந்து தரப்படுகின்றன. கடையில் கிடைக்கும் வண்ணத்தாளைவிட அந்த அறிக்கையே நம்பத்தக்கது. ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டருக்கு 20 எச்.பி. வண்டி தாராளம், ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். 45 எச்.பி. வண்டி ஆறடி ரோட்டவேட்டரோடு அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் முடிக்கும். இரண்டு ஏக்கர்க்காரருக்குப் பெரிய வண்டி மிச்சப்படுத்தித் தருவது ஒரு முறைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவுதான்.

அல்லிநகரத்து மலையடிவார மாந்தோப்பில் மேற்சொன்ன விதிகள் பலவும் தலைகீழாகின்றன. பத்து மீட்டருக்கு ஒரு மரம் நிற்கும் தோப்பில் அகலத்துக்குத் தட்டுப்பாடில்லை. வாழைக்குள் வரமாக இருந்த குறுகிய உடல், சரிவில் குறுக்காகப் போகும்போது ஆபத்தாகிறது. பின்சக்கரத்தின் வட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடும். சரிவுத் தோப்புக்குள் போகும் வண்டிக்கு அதைச் செய்தே ஆக வேண்டும். கல் கலந்த செம்மண்ணில் ரோட்டவேட்டர் கத்தி முறியும் என்பதால் ஸ்பிரிங் வைத்த கொழுக்கலப்பையே பாதுகாப்பு. கோடை மழைக்குப் பிந்தைய ஆழ உழவுக்கோ மினி டிராக்டரின் எடை போதாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த உழவுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அழைத்துவிட்டு, பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிக்கும் பம்பை ஓட்டவும், காய் சுமக்கவும் மட்டும் சிறு வண்டியை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே நன்றாக நடக்கும்.

நெல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொளியடிக்கக் கேஜ்வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய வாடகை டிராக்டர்கள் பள்ளத்தாக்கில் பருவத்தில் தட்டின்றிச் சுற்றுகின்றன. இரண்டு ஏக்கர் நெல்லுக்காக மட்டும் டிராக்டர் வாங்குவதற்குக் கணக்கு இடம் தராது.

அந்தக் கணக்கு எளிமையானது. ஐந்து லட்சம் ரூபாய் வண்டி, பத்தாண்டுக்குப் பின் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போகும் என்று கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 45,000 ரூபாய். சராசரி மதிப்பின் மேல் பத்து விழுக்காடு வட்டி 27,500. ஆக வண்டி கொட்டகையில் நின்றாலும் ஆண்டுக்கு 72,500 ரூபாய் செலவு. மூன்று ஏக்கரில் ஆண்டுக்கு நான்கு முறை ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கு வேலை 24 மணி நேரந்தான். மணிக்கு மூவாயிரம் ரூபாய் விழுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகைச் செயலி வழியாக டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்குத் தந்துவரும் நிலையில் இது பொருளற்றது. ஆனால் அதே மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சையாக இருந்தால், ஆண்டுக்கு இரண்டு மூன்று அறுவடைக்கும் தனித்தனிக் கவாத்து, அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் மழையின் போக்கைப் பார்த்து அடுத்தடுத்து மருந்துத் தெளிப்பு, எரு சுமத்தல் என்று வண்டி இருநூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். மருந்து அடிக்க வேண்டிய காலையில் வாடகை வண்டிக்குக் காத்திருக்கவும் முடியாது. சிறு, குறு உழவருக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின்கீழ் உச்சவரம்புக்குட்பட்டு 50 விழுக்காடு வரை மானியம் உண்டு என்பதும், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததும் செலவைக் குறைக்கும். பயன்படும் மணி நேரத்தைக் கூட்டா.

வாங்குவது என்று முடிவான பின் எஞ்சும் சோதனைகள் சில. மினி டிராக்டரின் மும்முனை இணைப்பு, அதாவது கருவியைத் தாங்கும் மூன்று கைகளின் அமைப்பு, பெரிய வண்டியினதைவிடக் குறுகியது; பங்காளியிடம் இரவல் வாங்கலாம் என்று நினைத்திருக்கும் ஒன்பது கலப்பை அதில் மாட்டாது. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்டயரும் பின்டயரும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருத்தப்பட்டவை என்பதால், தேய்ந்த முன்டயருக்கு மாற்றாக வேறு அளவு டயரைப் போட்டால் முன் அச்சின் பல்சக்கரம் தேயும்; அந்த அளவு டயர் தேனியிலேயே கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. செய்முறை விளக்கத்துக்கு வண்டியைக் கடைக்காரர் காட்டும் திடலில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சொந்த நிலத்துக்கு, மழைக்கு மறுநாள், கருவியை மாட்டியே கொண்டுவரச் சொல்லி, மிகக் குறுகிய வரிசையின் கடைக்கோடியில் திருப்பச் சொல்ல வேண்டும். பின்னுக்கு எடுக்காமல் ஒரே வெட்டில் திரும்பாத வண்டி, ஒவ்வொரு வரிசை முடிவிலும் அதே வேலையை வைக்கும்.