ஷாதிபூரிலிருந்து ஒரு கடற்சவாரி



2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் நகரில், ஷாதிபூர் என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. 'ஷாதி' என்றால் திருமணம். 1858-இல் ஆங்கிலேயர் இத்தீவில் கைதிகளின் குடியேற்றத்தைத் தொடங்கினர். நன்னடத்தையுள்ள கைதிகள் பெண் கைதிகளை மணந்து இல்லறம் நடத்தப் பின்னர் அனுமதிக்கப்பட்டனர். அவ்வாறு மணம் புரிந்தோர் குடியமர்ந்த இடமே ஷாதிபூர் என்பர். சிறையிருப்பின் நடுவே குடும்பங்கள் தழைத்த ஊர்!

இங்குள்ள உறவினர் வீட்டிற்கு நீங்கள் விடுமுறையில் வந்தால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குச் செல்லாமல் திரும்பமாட்டீர்கள். தென்னைகள் சூழ்ந்த அவ்வளைகுடாவில், அலைகளைக் கிழித்துக்கொண்டு பாயும் ஜெட் ஸ்கீயைக் கண்டதும், "அப்பா, நானும்!" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இவ்வண்டியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கிளேட்டன் ஜேக்கப்சன். மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரியரான அவருடைய கருத்தைப் பயன்படுத்தி, கவாசாகி நிறுவனம் 1973-இல் ஜெட் ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரிசோனாவின் பாலைவனத்தில், 1938-இல் கட்டி முடிக்கப்பட்ட பார்க்கர் அணையால் உருவான ஹவாசு ஏரியிலே இதன் உலகப் போட்டிகள் பல ஆண்டுகள் நடைபெற்றன. அது உள்நாட்டு ஏரி, இதுவோ கடல். இங்கே அலையும் உண்டு, நீரோட்டமும் உண்டு, பவளப்பாறைகளும் உண்டு.

ஏறுமுன் ஓர் உண்மையை அறிந்துகொள்ளுங்கள். இவ்வண்டிக்குச் சுக்கான் இல்லை. அடியிலிருந்து நீரை உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சியே அது முன்னேறுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் அக்குழாய் திரும்பும். நீர் பீறிடும் திசைக்கேற்ப வண்டியும் திரும்பும். ஆகவே, எதிரே படகு வருகையில் பயந்து ஆக்ஸிலேட்டரை முற்றிலும் விட்டுவிட்டால், பீறிடும் நீர் நின்றுவிடும். அப்பொழுது கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும், வண்டி போன திசையிலேயே வழுக்கிச் செல்லும். சாலையில் நம்மைக் காக்கும் பழக்கமே நீரில் நம்மை ஆபத்தில் தள்ளுகிறது! புதிய வகைகள் சிலவற்றில் பிரேக் உண்டு. வாடகை வண்டியிலும் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சிறிதளவு விசையுடன் விலகிச் செல்வதே வழி.

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் அனைத்தையும் மாட்டுங்கள். அவசர நிறுத்தக் கயிற்றை ஓட்டுபவர் தம் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளட்டும். அவர் விழுந்தால் எஞ்சின் தானே அணைந்துவிடும். பின்னால் அமர்பவர் முன்னிருப்பவரை இறுகப் பற்றியிருக்க வேண்டும். பின்புறமாக விழுந்தால், பீறிடும் நீரே கொடிய உட்காயம் உண்டாக்கக்கூடும். சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம், பயிற்சியாளருடனேயே அனுப்புங்கள். அந்தமான் நீர்நிலைகளில் உவர்நீர் முதலைகள் வாழ்வதால், கரையிலுள்ள எச்சரிக்கைப் பலகைகளை வாசித்து, குறிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இருங்கள்.

காலையிலேயே புறப்படுங்கள். இந்நகரம் கிழக்கே வெகுதூரத்தில் இருப்பதால், டிசம்பரில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும்.

அன்பானவர்களே, சவாரி சில நிமிடங்களே. கட்டணத்தைக் கேட்பதற்கு முன், கயிறு எங்கே, ஜாக்கெட் எங்கே என்று கேளுங்கள். உடன் வந்த அத்தனை பேரும் நனைந்த உடையோடும் சிரித்த முகத்தோடும் ஷாதிபூர் வீட்டு வாசலுக்குத் திரும்புவதே அந்நாளின் மகிழ்ச்சி.