யாழ்தேவியைக் கதைக்கிற சனிக்கிழமைகள்

1954 தொடக்கம் கொழும்புத் திட்ட உதவியாக இலங்கைக்கு வந்த கனடா டீசல் எஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா. சுன்னாகம் ஸ்டேசனில் அரைக் காற்சட்டையோடு நின்று அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்த எங்களுக்கு, அவை மனிதர் வாழும் இடங்கள் என்பதே தெரியாது. எஞ்சினுக்குப் பெயர், அவ்வளவுதான். இப்போது நாங்கள் இருப்பது ஒன்ராறியோவில். அந்த எஞ்சின்களைச் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை இருந்த லண்டன் நகரம் எங்களிடமிருந்து காரில் இரண்டு மூன்று மணித்தியாலம். தொழிற்சாலையை 2012இல் மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் கதைப்பதற்கென்றே ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடையில் சனிக்கிழமை காலையில் கூடுகிறோம். சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. ரயில்வே கார்ட் ஒருவரின் மகன் இருக்கிறார். பௌதிகம் படிப்பித்த மாஸ்டர் ஒருவர். கொழும்பில் கிளாக்காக இருந்து, வெள்ளி இரவு மெயிலில் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு மெயிலில் திரும்பியவர் ஒருவர். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் ரயில் வாறன்டை எந்த மாதத்துக்கு மிச்சம் பிடித்து வைப்பது என்று வருடத் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டதை அவர் இன்றைக்கும் விரல் மடித்துச் சொல்வார். கடைசியாக, கோச்சி நின்றபின் பிறந்த ஒரு தம்பி. அவன்தான் எங்களில் அதிகம் வாசித்தவன், அதிகம் கேள்வி கேட்கிறவன்.

கதை எஞ்சினில்தான் தொடங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரேலியவில் கடல் அள்ளிய ரயிலை இழுத்துப்போனது 591, மனிற்றோபா. அதைத் திருத்தி மறுபடி ஓட விட்டார்கள் என்று தம்பி சொன்னால், மாஸ்டர் உடனே ஒற்றைப் பாதையில் டேப்ளட் முறை எப்படி வேலை செய்தது என்று விளக்கத் தொடங்குவார். அந்த வட்டத் தகடு கையில் கிடைக்காமல் அடுத்த ஸ்டேசன் வரைக்கும் ட்ரைவர் வண்டியை நகர்த்தக்கூடாது. பெரிய வளையத்தில் தோல் பையைக் கட்டி அதற்குள் தகட்டை வைத்து ஸ்டேசன்காரர் நீட்ட, ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை விட்டுக் கொழுவி எடுப்பதைக் கண்டவர் மறக்கமாட்டார். மாஸ்டர் அதை எழும்பி நின்று, கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கையை வளைத்துக் காட்டுவார்.

பிறகு கதை தானாகவே வேறு பக்கம் போகும். பிரஷர் குளிசை, பனிக்காலத்து ரயர், முருங்கைக்காயின் விலை, ஒருவரின் மகளின் கலியாணப் பேச்சு. முருங்கைக்காய் வந்தால் கொழும்புக்குப் போன சாக்குகள் வரும். கறுத்தக்கொழும்பான், பனாட்டு, ஒடியல், வெங்காயம், சுருட்டு என்று ஒரு பெட்டி முழுவதும் மணத்துக்கொண்டு போன காலம். தலைப்பை விட்டு விலகுகிறோம் என்று இந்த மேசையில் யாரும் யாரையும் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் நான் போவதையே விட்டிருப்பேன். யாழ்ப்பாணத்துக் கோச்சிப் பெட்டிக்குள் நடந்ததே இந்த மாதிரிக் கதைதானே. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் முன்சீற்றில் இருப்பவரோடு வாய் திறக்காமல் வந்த மனிதர் எங்கள் பாதையில் இருந்திருப்பாரோ? எந்த ஊர், ஆற்றை பகுதி, எங்கை வேலை என்று தொடங்கி, ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர் விரிகிற நேரத்துக்குள் ஒரு சொந்தமாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

யுத்தத்தைக் கதைக்க வேண்டும் என்று நாங்கள் வருவதில்லை. அது முருங்கைக்காய்க்கும் கலியாணத்துக்கும் நடுவில் வந்து குந்தும்.

ஒருநாள் தண்டவாளத்தின் எடையைப் பற்றித் தம்பி ஏதோ கேட்டான். கார்டின் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கட பங்கருக்கு மேல போட்டிருந்தது ரெயில்தான் தம்பி. செல் விழுற நேரம் இருட்டுக்குள்ள கையை மேல வைச்சுத் தடவிக்கொண்டு இருப்பன். இரும்பின்ர பக்கத்தில எழுத்து எழும்பி நிக்கும், கம்பனிப் பேரும் வருசமும். அதைத் தடவித் தடவி வாசிப்பன். அப்பா கொடி காட்டி அனுப்பின கோச்சியெல்லாம் இதுக்கு மேலதான் ஓடினது எண்டு நினைப்பன். பயம் கொஞ்சம் குறையும்."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளாக் ஐயா எழும்பிப்போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி வாங்கிவந்து வைத்தார்.

அவரின் அப்பா கொடி காட்டிய அந்த வடபாதை, 1905இல் கொழும்பிலிருந்து வடமுனை வரைக்கும் முழுதாகத் திறந்தது. 1956 ஏப்ரலில் அதில் யாழ்தேவி என்ற கடுகதிக் கோச்சி ஓடத் தொடங்கியது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் அதே யாழ்தேவியைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். படையினரோடு பொதுமக்களும் செத்தார்கள். பயணிகள் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற பிள்ளையார் கோயிலடி அது. அதற்குப் பிறகும் கோச்சி விட்டுவிட்டு ஓடத்தான் செய்தது. 1990 ஜூன் 13ஆம் திகதியோடு அதுவும் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டைகளும் இரு தரப்பினரின் காவலரண்களுக்குள்ளும் சனங்களின் பங்கர்களுக்குள்ளும் போயின. கொழும்புக்குப் போக வேண்டியவர் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறினார்.

பாதை திரும்பி வந்துவிட்டது என்பதை நன்றியோடுதான் எழுதுகிறேன். இந்தியக் கடனில், இந்திய நிறுவனமான இர்கோன் போட்ட புதுப் பாதை. 2013இல் கிளிநொச்சி, 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. நானும் போய் ஏறினேன். பளை தாண்டி வடலிகள் ஓடத் தொடங்கியபோது என் நெஞ்சு கிடந்து அடித்தது. யாழ்ப்பாணம் ஸ்டேசன் வெள்ளையடித்து அழகாக நின்றது. முன்பு அந்த மேடையில் இறங்கினால் ஒருவராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தம்பி இப்பதானோ வாறாய், அம்மா நேற்றும் சந்தையில கேட்டவ என்பார். பெட்டியைப் பறித்துச் சைக்கிள் கரியரில் வைத்துவிடுவார். இம்முறை ஓட்டோக்காரப் பெடியன் ஒருவன் மிகவும் மரியாதையாக, "எங்க ஐயா போகோணும்?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. நான் எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியவில்லை.

என் ஏக்கம் எஞ்சின் மேலா, பாதை மேலா என்று மனைவி கேட்பாள். இரண்டும் கிடைத்துவிட்டன. கிடைக்காதது, அந்தப் பெட்டிக்குள் எதிரே இருந்து என்னை விசாரித்த சனம். அவர்களில் மிஞ்சியவர்கள் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் மெல்போர்னிலும் இங்கேயும் சிதறிக் கிடக்கிறார்கள். அதனால்தான் பிரஷர் குளிசையைப் பற்றிய கதையும் எனக்கு வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை பனி கொட்டினாலும் போய்விடுகிறேன்.

இப்போது எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது. எழுபதுகளில் யாழ்தேவி மீசாலையில் நின்றதா, இல்லையா? நின்றது, நான் இறங்கியிருக்கிறேன் என்கிறார் கிளாக் ஐயா. அது மெயிலாக இருக்கும், யாழ்தேவி சாவகச்சேரியில்தான் நின்றது என்கிறார் மாஸ்டர். இந்த வழக்கு வந்ததிலிருந்து கார்டின் மகன் ஒரு கொப்பி வாங்கிவிட்டார். காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று ஒரு ஸ்டேசனுக்கு ஒரு பக்கம். யார் ஸ்டேசன் மாஸ்டர், மேடையில் என்ன மரம், பக்கத்துத் தேத்தண்ணிக் கடை யாருடையது, வண்டி எத்தனை மணிக்கு, 90க்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கு என்ன நடந்தது. ஆனையிறவுக்கும் மாங்குளத்துக்கும் எழுத ஆளில்லாமல் அந்தப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில், அப்பாவின் பழைய பைலுக்குள், 1990க்கு முந்திய நேர அட்டவணை ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். திகதி குத்திய அந்தத் தடித்த மட்டைத் துண்டு ரிக்கற் ஒன்று கிடந்தாலும் போதும், ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆனையிறவிலோ மாங்குளத்திலோ வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். அவர்கள் ரயிலை விட்டு வேறெதையோ சொல்லத் தொடங்கினால், அதையும் சேர்த்து எழுதுங்கள்.